செக்கிங் மேசையில் பழைய புத்தகங்கள்

ஈரோட்டில் ஏறினால் ஊத்துக்குளி வரை ரயில் ஜன்னலில் பனைமரமும் மேட்டுக்காடும்தான். அதைத் தாண்டியதும் தகரக் கொட்டகைகளும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும் நெருங்கி வரும். சுவரெல்லாம் ஆள் தேவை விளம்பரம்: ஓவர்லாக் டைலர், பிளாட்லாக் டைலர், அயர்னிங், பேக்கிங், செக்கிங். நான் திருப்பூரில் இறங்கியது துணி வாங்க அல்ல. ஒரு குடும்பம் தாத்தா காலத்துப் புத்தகங்களை விற்க நினைத்தது. ஒவ்வொன்றும் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்து ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும்.

பழைய தமிழ்ப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பட்டியலின் அருமை தெரியும். விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றே: “நல்ல கண்டிசன்ங்க.” அட்டையைப் படம் எடுத்து அனுப்புவார். பார்சலைப் பிரித்தால் நடுவில் பதினாறு பக்கம் இருக்காது. அல்லது முதுகுப் பக்கம் முழுக்க செல்லோ டேப் ஒட்டியிருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று செய்தவர் குறைவு. எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு பொது வழக்கம் நம்மிடம் உருவாகவில்லை. அமெரிக்காவில் 1949-இலேயே, பின்னாளில் ‘ஏபி புக்மேன்ஸ் வீக்லி’ என்று பெயர்பெற்ற பழைய புத்தக வணிக இதழ், புத்தக நிலைகளுக்கு ஒரு படிவரிசையை முன்வைத்தது. புத்தம்புதியதில் தொடங்கி, தேய்ந்தாலும் எல்லாப் பக்கமும் இருப்பது, பாடம் முழுதாக இருந்தும் முகப்புத் தாள்கள் போனது என்று இறங்கி, மறுபடி பைண்டிங் செய்தே தீர வேண்டியது வரை அது போகும். நூலகப் பிரதி என்றால் எந்தப் படியில் இருந்தாலும் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அந்த வரிசையை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பொருந்தாது. நம் காகிதம் வேறு, பைண்டிங் வேறு, பூச்சியும் வெயிலும் வேறு. ஆனால் குறையை வரையறுத்துச் சொல்லும் அந்த ஒழுக்கம் நமக்கு வேண்டும்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குமரனின் நினைவிடம். 1932 ஜனவரியில், கொடியைக் கையில் பிடித்தபடி தடியடிபட்டு இறந்த இளைஞன். அங்கே சற்று நின்றுவிட்டுக் காதர்பேட்டைக்குள் நடந்தேன். ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிக்கப்பட்டதும் விற்பனைக்கு வரும் இடம் அது. கடைக்காரர்கள் சரக்கைப் பிரித்தே போட்டிருக்கிறார்கள். இது ஃப்ரெஷ், இது செகண்ட்ஸ், இது மிஸ்டேக் பீஸ். ஒரு கடையில் டி-ஷர்ட் ஒன்றை எடுத்தேன். நான் கேட்பதற்கு முன்பே கடைப் பையன் அதை உட்புறம் திருப்பி, அக்குள் பக்கம் இருந்த சிறிய ஓட்டையை விரலால் காட்டினான். “இதனாலதாங்க இந்த வெலை” என்றான். பழைய புத்தகக் கடைகளில் நான் ஏங்குவது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

புத்தக வீடு ஊரின் பழைய பகுதியில் இருந்தது. கீழே சிறிய ஜாப் ஒர்க் யூனிட். வேறு கம்பெனிகளில் தைத்து வரும் பனியன்களைப் பார்த்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிறார்கள். மாடியில் மூன்று இரும்பு பீரோக்களில் புத்தகங்கள். அங்கே ஒற்றை மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் எல்லாக் காகிதமும் ஒரே நிறமாகத் தெரியும். பழுப்பும் தெரியாது, வெளுத்த கறையும் தெரியாது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அதுக்கென்னங்க சார், கீழ செக்கிங் டேபிள்லயே வெச்சுப் பாத்தரலாம்” என்றார். மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஒரு மேசை காலியானது.

அந்த மேசைக்கு மேலே வெள்ளை ட்யூப்லைட்டுகள் வரிசையாகத் தொங்கின. நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு லைட் பாக்ஸும் இருந்தது. பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கு ஒன்று, கடைகளில் எரியும் விளக்கு இன்னொன்று. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலம் இன்னொன்றில் வேறு வேறாகப் பிரிந்துவிடும். புத்தகத்துக்கும் இது உண்டு. மறுபடி பைண்டிங் செய்தபோது வேறொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்த பதினாறு பக்கப் பாரம் இருந்தால், பகல் வெளிச்சத்தில் அந்தப் பதினாறு பக்கம் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அழித்த பெயரின் பள்ளமும், சுரண்டிய முத்திரையின் சொரசொரப்பும் மேலெழும்பி வரும்.

செக்கிங்கில் தலைமையாக இருந்த அக்கா பக்கத்தில் வந்து நின்றார். துணியில் குறை பார்க்க அங்கே நான்கு புள்ளி முறை. மூன்று அங்குலம் வரை உள்ள குறைக்கு ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. கூட்டிப் பார்த்து, நூறு சதுர கஜத்துக்கு இத்தனைக்கு மேல் போனால் துணியை ஏற்பதில்லை. பெரும்பாலும் நாற்பதுதான் எல்லை. “உங்களுக்கு எத்தனை பாயிண்டுங்க?” என்று கேட்டார். புத்தகத்தில் குறையின் நீளத்தைவிட அது விழுந்த இடம்தான் பெரிது என்றேன். ஓரத்தில் ஒரு சாண் கிழிசல் இருந்தாலும் படிக்கலாம். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பு விவரம் அச்சான இடம் ஒரு நகக்கண் அளவு போனாலும் போனதுதான். அவர் உடனே புரிந்துகொண்டார். “நெஞ்சுல விழுந்த ஓட்டை மாதிரிங்க. உள் மடிப்புல இருந்தா விட்டுருவோம்.”

இன்னொரு வேறுபாட்டையும் அந்த மேசையில்தான் தெளிவாக உணர்ந்தேன். பனியனை லாட்டாகப் பார்க்கலாம். ஆயிரம் உருப்படியில் சிலவற்றை எடுத்துப் பார்த்து மீதியை முடிவு செய்யும் கணக்கு உலகம் முழுக்க நடக்கிறது. புத்தகத்தில் மாதிரி எடுக்க முடியாது. ஒவ்வொரு தாளையும் திருப்பித்தான் ஆக வேண்டும். பாரத்தின் முதல் பக்க அடியில் சிறிய எண் இருக்கும். அவை வரிசையாக வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே போவது விரைவான வழி. ஒரு பாரம் விட்டுப்போவதும் ஒன்றே இரண்டு முறை சேர்ந்துவிடுவதும் பைண்டிங் பட்டறையில் அச்சடித்த நாளிலேயே நேரும் பிழைகள். ஐம்பது வருடம் யாரும் திறக்காத புத்தகத்தில் அது நம் கையில்தான் முதன்முதலாக அகப்படும்.

முதல் பீரோவின் பெரும்பகுதி, வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள். தமிழ் வீடுகளில் வழக்கமான சேகரிப்பு இது. நான் பார்த்த வெளிநாட்டுப் படிவரிசை எதிலும் இதற்கு இடம் கிடையாது. கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து கனத்த தொகுதிகளாக, அரைக் காலிகோ பைண்டிங்கில் இருந்தது. இதன் நிலையை எப்படிச் சொல்வது? நான் முதலில் அத்தியாயங்களை எண்ணுவேன். ஐந்து பாகங்களுக்கும் 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. எண்ணி முடிக்க நேரமாகும், ஆனால் இந்தப் பொருளின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிறகு ஓவியர் மணியத்தின் படங்கள். பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் போடும்போது ஓரம் வரை வரைந்த படங்களின் தலையும் குதிரைக் காலும் போய்விடும். பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்திருந்தால் உள்ஓர எழுத்துகள் தையலுக்குள் புதைந்துவிடும். இந்தத் தொகுதிகளில் படங்கள் தப்பியிருந்தன, மூன்றாம் பாகத்தில் மட்டும் உள்ஓரம் இறுகியிருந்தது. கதை முடியும் பக்கத்தின் மறுபுறத்தில் அந்த வாரத்து விளம்பரங்களும் துணுக்குகளும் அப்படியே இருக்கின்றன. அச்சுப் புத்தகமாக வந்த எந்தப் பதிப்பிலும் அவை கிடைக்காது. அந்தக் குடும்பம் அவற்றைத் தேவையற்ற பக்கங்கள் என்று நினைத்து நீக்கிவிடலாமா என்று கேட்டது. தயவுசெய்து தொடாதீர்கள் என்று சொன்னேன்.

காகிதம்தான் நம் புத்தகங்களின் பெரிய நோய். மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் இருக்கும், படிகாரம் சேர்த்த பூச்சு அமிலத்தைத் தரும். இரண்டும் சேர்ந்து தாளை உள்ளிருந்தே தின்னும். சாணித்தாளில் அச்சிட்டவை முப்பது வருடத்தில் பழுத்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பழுப்பை நான் பெரிய குறையாக எழுதுவதில்லை. தாளில் வளைவு இருக்கிறதா என்பதே கேள்வி. பக்கத்தைத் திருப்பும்போது வளைந்தால் உயிர் இருக்கிறது. மடித்த முனை அப்பளமாக உடைந்தால் இனி அதைப் படிக்கவே முடியாது. நூலகங்களில் முனையை முன்னும் பின்னும் மடித்துப் பார்க்கும் சோதனை உண்டு. விற்பனைக்கு வரும் புத்தகத்தில் அதைச் செய்யக் கூடாது, விரலின் உணர்வே போதும்.

பூச்சிக்கு வருவோம். வெள்ளிப்பூச்சி மேலாக மேயும், பசையும் அட்டையும் அதற்குப் பிடிக்கும். ராமபாணம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும், நூறு பக்கத்திலும் ஒரே இடத்தில் ஊசித்துளை. துளை பழையதா புதியதா என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தை மேசையில் லேசாகத் தட்டினால் மாவு போலத் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தப் பிரதியை உடனே பாலித்தீன் பையில் கட்டி ஒதுக்கிவிட வேண்டும், மற்றவற்றோடு ஒரே பெட்டியில் அனுப்புவது பாவம். இங்கே அப்படி இரண்டு அகப்பட்டன. பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அப்படிச் செய்த தொகுதிகள் எல்லாம் முதுகு கெடாமல் நின்றன. பனியன் ஊருக்கே உரிய ஒன்றையும் பார்த்தேன். எல்லாப் புத்தகங்களின் மேல் விளிம்பிலும் மெல்லிய பஞ்சுப் படலம். துடைக்கப் போனார் வீட்டுக்காரர். ஈரத்துணி வேண்டாம், மென்மையான பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிநோக்கித் தள்ளினால் போதும் என்றேன். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலிருந்துதான் பூஞ்சை தொடங்குகிறது.

இரண்டாவது பீரோவின் அடியில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் காமிக்ஸ்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. அந்தக் காலத்துப் பிரதிகளைத் தேடுகிறவர்கள் தமிழ்ச் சேகரிப்பாளர்களிலேயே கண்டிப்பானவர்கள் என்பேன். பின் துருப்பிடித்த கறையைக்கூடக் கேட்பார்கள், கேட்பது நியாயமும்தான். அவர்களால்தான் இந்த நாட்டில் ஒரு பகுதியிலாவது நிலையைச் சொல்லும் பழக்கம் வளர்ந்திருக்கிறது.

கையெழுத்துகளும் முத்திரைகளும் வந்தபோது எங்களுக்குள் நீண்ட பேச்சு. வீட்டுக்காரர் எல்லா எழுத்தையும் அழுக்கு என்றார். நூலக முத்திரை இருந்து, தள்ளுபடி செய்ததற்கான அடையாளம் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை நான் விற்பனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது இன்னும் நூலகத்தின் சொத்து. அப்படி ஒன்று இருந்தது, திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். திருமணப் பரிசாக எழுதிக் கொடுத்த வரிகள் விலையைக் குறைக்கும் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு நாவலின் கடைசித் தாளில் தாத்தா பென்சிலால் சிட்டக் கணக்கு எழுதியிருந்தார். எத்தனை சிட்டம் நூல் வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி என்று. பனியனுக்கு முன்னால் திருப்பூர் கதர் ஊர். அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. அந்தக் காலத்தின் கூலிக் கணக்கு ஒரு நாவலின் பின்தாளில் கிடைக்கிறது என்றால் அதை அழி ரப்பர் கொண்டு சுத்தம் செய்வது அநியாயம். பட்டியலில் அதைக் குறையாகவும் எழுத வேண்டும், என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். குறையா சிறப்பா என்று வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்ததை நினைத்துக்கொண்டேன். நாடக நோட்டீஸ், காலணாப் பாட்டுப் புத்தகம், மற்றவர்கள் எடைக்குப் போட்டதை எல்லாம் அவர் வைத்துக்கொண்டார். அவர் 1992-இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. சந்தைக் கூட்டத்தில் கைமாறி, பாடிப் பாடிக் கசங்கிய எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகம் கசங்கல் இல்லாமல் எப்படி இருக்கும்? அதற்கு அட்டையின் மினுக்கத்தை வைத்து மதிப்புப் போடுவது பொருளே புரியாத செயல். எட்டுப் பக்கமும் இருக்கிறதா, அச்சகத்தின் பெயர் தெரிகிறதா? அவ்வளவுதான் கேட்க வேண்டும்.

மறுநாள் தாராபுரம் சாலையில் பயணம். தாத்தாவின் பழைய தோட்டத்து வீட்டில் இன்னொரு மரப்பெட்டி இருந்தது. அவிநாசிபாளையம் தாண்டியதும் கம்பெனிகள் குறைகின்றன. கொடுவாய்க்குப் பிறகு கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள், உள்ளே வெள்வேல மரங்கள், காங்கேயம் மாடுகள், தூரத்தில் காற்றாலைகள். மழை குறைந்த மேடு இது. கடலோர ஊர்களில் புத்தகத்தைப் பிடிக்கும் பூஞ்சை வாடை இங்கே அவ்வளவு இருக்காது. பதிலாக வெயில் தாளின் ஈரத்தை உறிஞ்சி விறைக்க வைத்துவிடும்.

மண்தரையில் வைத்த பெட்டி. அடிப்பலகை வழியாகச் செல் ஏறியிருந்தது. கீழ் அடுக்கு முழுவதும் மண்ணாகிவிட்டது. மேல் அடுக்கில் தப்பியவற்றில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. இதே தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் எழுதி 1942-இல் வெளிவந்த நாவல், தமிழ் வட்டார நாவல்களின் முன்னோடி. கொங்குப் பேச்சு நாவலாக நின்ற இடம். அது பிறந்த மண்ணிலேயே ஒரு பழைய பிரதி.

“முதல் பதிப்புங்க சார். தாத்தா சொல்லியிருக்காரு” என்றார் வீட்டுக்காரர்.

அட்டை இல்லை. தலைப்புப் பக்கம் இல்லை. உள்ளே கதை முழுதாக இருந்தது, பாரங்கள் வரிசையாக வந்தன. கடைசியில் மிஞ்சியிருந்த விளம்பரத் தாளில் மற்ற நூல்களின் விலை அணாக்கணக்கில் இருந்தது. நயா பைசா 1957 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, ஆகவே அதற்கு முந்தைய அச்சு என்று சொல்லலாம். இப்படிக் காலம் கணிக்க இன்னும் சில தடயங்கள் உண்டு. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘லை’, ‘ணை’, ‘றா’ போன்றவை பழைய வடிவத்தில் இருந்தால் பெரும்பாலும் 1978-இன் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தையது. ஆனால் இவை எல்லாம் காலத்தின் எல்லையைத்தான் காட்டும். 1957-க்கு முந்தையது என்பது 1942 ஆகிவிடாது. தாள் பழுத்திருப்பதும் சாட்சி இல்லை, பத்து வருடம் கழித்து அச்சிட்ட மலிவுத் தாளும் இப்படித்தான் பழுக்கும்.

அவருக்கு வருத்தம். முதல் பதிப்பு என்று எழுதினால் விலை பல மடங்கு ஏறும் என்பது இருவருக்கும் தெரியும். வேறு பிரதியிலிருந்து தலைப்புப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்து பைண்டு செய்துவிடலாமே என்று உடன் வந்த உறவினர் சொன்னார். ஜெராக்ஸ் வைப்பதில் தவறில்லை, படிக்க உதவும். அதை மறைப்பதில்தான் தவறு. புதுக் காலிகோவும் பொன்னெழுத்தும் போட்டுவிட்டால் பிறகு வரும் யாராலும் இந்தப் பிரதி என்னவாக இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தையல் தளர்ந்திருந்தாலும் இப்படியே அமிலமில்லாத தாளில் சுற்றி வைக்கலாம் என்றேன்.

திண்ணையில் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். ‘நாகம்மாள், ஆர். சண்முகசுந்தரம். கதைப் பக்கங்கள் முழுமை. தாள் பழுப்பு, வளையும். கடைசி பத்துத் தாளின் கீழ் ஓரத்தில் செல் அரிப்பு, எழுத்துக்குச் சேதமில்லை. விளம்பரத் தாளில் அணா விலை, 1957-க்கு முந்தைய அச்சு. அட்டையும் தலைப்புப் பக்கமும் இல்லை. பதிப்பு உறுதியில்லை.’

வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். சற்று நேரம் யோசித்தார். “சார், கடைசி ரெண்டு வரிய மேல கொண்டு போயிருங்க. எங்க ரிப்போர்ட்ல பெரிய டிஃபெக்ட்டுதான் மொதல்ல வரும். பையர் அதப் பாத்துட்டுத்தான் மீதியப் படிப்பாரு.”

மாற்றினேன். திருப்பூர் திரும்பியதும் முந்தைய நாள் எழுதியவற்றையும் அந்த வரிசைக்கே கொண்டுவந்தோம். மூன்றாவது பீரோ பாதிதான் முடிந்தது. மீதியைச் செக்கிங் அக்காவை வைத்துப் பார்த்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொன்னார். பாரம் எண் எங்கே இருக்கும், தூள் உதிர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டார் அக்கா. துணியில் குறை காட்ட ஒட்டும் அம்பு ஸ்டிக்கரை மட்டும் புத்தகத்தில் ஒட்ட வேண்டாம், பசை தாளைக் கறையாக்கும், துண்டுச் சீட்டு செருகினால் போதும் என்று அதன் கடைசியில் சேர்த்தேன்.